இறந்தவர் கையில் தேக்கரண்டி

வெள்ளம் என்றால் என்ன என்று மற்றவர்களைக் கேட்டால் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். ஷரத்துக்காரரிடம் அது நடக்காது. மேலிருந்து வந்தால் அது மழை. கீழிருந்து வந்தால் கசிவு. பக்கத்திலிருந்து வந்தால் அண்டை வீட்டாரின் அலட்சியம். எல்லாப் பக்கமும் சேர்ந்து வந்தால் இயற்கையின் செயல், அதற்குக் கம்பெனி பொறுப்பாகாது. ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் மூன்றாம் மாடியில், ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே உட்கார்ந்து, பாலிசியின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்வதுபோல் வரும் ஷரத்துகளை எழுதுவது அவர் உத்தியோகம். அவர் எழுதியதை லட்சக்கணக்கான பேர் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர்கூடப் படித்ததில்லை. இப்படி ஒரு வாசகர் கூட்டம் எந்த எழுத்தாளருக்கும் வாய்த்ததில்லை.

இது திடீரென்று வந்த குணமல்ல. சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடும்போதே, முழங்கை வெளியே தெரிந்தால் ஒளிந்ததாகக் கொள்ளலாமா, குரல் கேட்டால் கண்டுபிடித்ததாகுமா என்று விசாரணை நடத்துவார். அதற்குள் மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, தூங்கியும் போயிருப்பார்கள். இவர் மட்டும் சட்டப்படி ஒளிந்தபடியே பீரோவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் கண்டுபிடித்தார். அதுவும் நல்ல விளையாட்டு. அதில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்கியது.

'மூழ்குமுன்' என்று அதற்குப் பெயர். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, பேசிப் பேசியே கதையை நகர்த்தும் வகை. மேஜை நடுவில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் தண்ணீர். தண்ணீரில் ஒரு டம்ளர் மிதக்கும். டம்ளர்தான் கப்பல். ஒருவர் கடல், மற்றவர்கள் மாலுமி, சமையல்காரர், இயந்திரம் பார்ப்பவர் என்று கப்பலில் இருப்பவர்கள். கப்பலில் ஓட்டை விழுந்திருக்கிறது. என்ன செய்யப்போகிறோம் என்பதைச் சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும். நல்ல எண் விழுந்தால் காரியம் நடக்கும். கெட்ட எண் விழுந்தால் கடல் ஒரு தேக்கரண்டித் தண்ணீரை எடுத்து டம்ளருக்குள் ஊற்றும். டம்ளர் கொஞ்சம் இறங்கும். எல்லார் வயிறும் அதோடு சேர்ந்து இறங்கும். கரை சேர்வதற்குள் டம்ளர் மூழ்கிவிட்டால் கதை முடிந்தது.

முதலில் இதன் விதிகள் ஒரே தாளில் அடங்கின. அந்தத் தாளுக்கு எமனாக வந்து சேர்ந்தவர் ஷரத்துக்காரரின் மச்சான்.

மச்சான் மனைவியின் தம்பி. பஸ் டிரைவர். நாள் முழுக்க சிவப்பு விளக்குக்கும் நிறுத்தக் கோட்டுக்கும் கட்டுப்பட்டுக் கிடக்கும் மனிதர், லீவு நாளில் அக்கா வீட்டு மேஜைக்கு வந்ததும் கட்டவிழ்த்துவிட்ட காளை ஆகிவிடுவார்.

"அத்தான், என்கிட்ட கயிறு இருக்கு. ஒரு முனைய இங்க கட்டிட்டு இன்னொரு முனைய கரையில கட்டிட்டேன். கப்பல் மூழ்காது."

"அவ்வளவு நீளக் கயிறு ஏது?"

"நீளம் எழுதியிருக்கா? எழுதல இல்ல?"

கயிற்றின் நீளம் குறித்து அன்றே ஒரு ஷரத்து சேர்ந்தது. அடுத்த வாரம் மச்சான் கடற்பறவை ஒன்றைப் பழக்கி, அதன் காலில் கயிற்றைக் கட்டினார். பறவைகள் குறித்து அரைப் பக்கம் சேர்ந்தது. அதற்கடுத்த வாரம் தன் பாத்திரம் செத்த பிறகும் மேஜையில் சாய்ந்துகொண்டு, "இடது பக்கம் போ அத்தான், இடது பக்கம் போ" என்று மேலுலகத்திலிருந்து ஆலோசனை வழங்கினார். அன்று பிறந்ததுதான் ஷரத்து நாற்பத்தொன்று.

'இறந்தவர் பேசலாகாது. (அ) சைகை காட்டலாகாது. (ஆ) பொருள்படப் பெருமூச்சு விடலாகாது. (இ) புருவத்தை உயர்த்தலாகாது. (ஈ) இருமல் வந்தால் அது மெய்யான இருமலாக இருத்தல் வேண்டும்.'

ஒவ்வொன்றும் அனுபவத்தில் விளைந்தது. (ஈ)யை எழுத வைப்பதற்காக மச்சான் ஒரு சாயங்காலம் முழுக்க இருமியிருந்தார்.

இப்படியே வளர்ந்து வளர்ந்து புத்தகம் தொண்ணூற்றுநாலு பக்கம் ஆயிற்று. ஷரத்துக்காரர் அதைச் சொந்தச் செலவில் கொஞ்சம் பிரதி எடுத்து, இணையத்தில் விற்றுப் பார்த்தார். வாங்கியவர்களில் ஒருவர் பதில் எழுதினார்: 'விளையாட்டு நன்றாக இருந்தது. நான் சீக்கிரமே செத்துவிட்டதால் உள்ளே போய்த் துணி மடித்து வைத்தேன். எல்லாத் துணியும் மடித்தாயிற்று. நன்றி.'

ஷரத்துக்காரர் இதை மனைவியிடம் பெருமையாகப் படித்துக் காட்டினார். "பாத்தியா? நாப்பத்தொண்ண எவ்வளவு சரியாப் புரிஞ்சு நடந்திருக்கார்!"

நாற்பத்தொன்றுக்கு அந்த வீட்டில் இன்னொரு பலமும் உண்டு. மனைவி கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிப்பவர். விளையாட்டில் எப்போதும் அவர்தான் கடல். தன் தம்பி விழித்திருக்கும் நேரத்தில் வாயை மூடியிருக்கும் ஒரே சந்தர்ப்பம் அந்த ஷரத்தால்தான் கிடைக்கிறது என்பது அவர் கண்டறிந்த உண்மை.

இந்த நிலையில்தான் புதிர் மேடம் வந்தார். குறுக்கெழுத்து, எலி பாலாடைக்கட்டிக்கு வழி தேடும் புதிர்ப்பாதை, ஆறு வித்தியாசம் என்று மெல்லிய புத்தகங்களாகப் போட்டு, ரயில் நிலையங்களில் விற்கும் பதிப்பாளர். எங்கோ 'மூழ்குமுன்' பிரதி ஒன்று அவர் கையில் சிக்கியிருக்கிறது. ஷரத்துக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"சார், ஐடியா ஜம்முனு இருக்கு. புத்தகம்தான் கோர்ட்டு மாதிரி இருக்கு."

"கோர்ட்டுல நிக்கும் மேடம்."

"நின்னு என்ன பண்ண? மேஜையில உக்காரணுமே."

பிறகு தன் நிபந்தனைகளைச் சொன்னார். புத்தகம் முப்பத்திரண்டு பக்கத்துக்குள் வர வேண்டும். முன்பின் தெரியாத நாலு பேரை அவர் அழைத்து வருவார். புத்தகத்தை அவர்கள் கையில் கொடுப்பார். அவர்களே படித்து, அவர்களே ஆடி முடிக்க வேண்டும். நடுவில் ஒருவர் எழுந்து போனாலும் புத்தகம் அச்சாகாது.

"நீங்க ஓரமா உக்காந்து பாக்கலாம். ஆனா ஒரு வார்த்தை விளக்கம் சொன்னாலும் அத்தோட முடிஞ்சது."

"இருமல் வந்தா?"

"வெளியில போய் இருமுங்க."

ஷரத்துக்காரர் அந்த நிபந்தனையை மனத்துக்குள் இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். ஓட்டை தென்படவில்லை. இந்த அம்மாளை நம் டிபார்ட்மென்ட்டில் சேர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. எழுந்து கைகூப்பினார். முகம் தெரியாத யாரோ, அவர் காலடி படாத ஏதோ ஒரு வீட்டில், அவர் எழுதியதைக் கடைசி வரை படித்து, ஆடி, அதற்காகக் கத்தப்போகிறார்கள்! கையெழுத்துப் போட்டுவிட்டுப் படிக்காமல் போகும் லட்சம் பேரை வைத்துக்கொண்டு இத்தனை காலம் அவர் ஏங்கியது இந்த நாலு பேருக்குத்தான்.

அன்றே திருத்த வேலை தொடங்கியது. தொண்ணூற்றுநாலை முப்பத்திரண்டாக்க ஒரு மேதை என்ன செய்வாரோ அதையே அவர் முதலில் செய்தார். எழுத்தின் அளவைக் குறைத்தார்.

மனைவி அந்தத் தாளைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மூக்குக்கு நேராகக் கொண்டுவந்தார். பிறகு விளக்குக்குக் கீழே போனார்.

"ஏங்க, எங்க கடைச் சுவத்துல மாட்டியிருக்கமே, அந்த போர்டுல கடைசி வரிக்கும் கீழ ஒரு வரி இருந்தா இப்படித்தான் இருக்கும். இதப் படிக்கிறவனுக்குக் கண்ணாடி வேண்டாம், மெடல் குடுக்கணும்."

ஆகவே வெட்டுவது என்று முடிவாயிற்று. உணவு மேஜையில் தொண்ணூற்றுநாலு பக்கத்தையும் பரப்பினார்கள். தாள் போதாமல் நாற்காலி மேலும், குளிர்பெட்டி மேலும் ஏறியது. சாப்பாட்டைக் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஷரத்துக்காரருக்கு ஜுரம் அடிப்பதுபோல் ஒரு வேகம். பஸ்ஸில் வரும்போது ஒரு ஷரத்தை இரண்டு வரியாக்கும் வழி தோன்றினால், வீடு வரை அதை முணுமுணுத்துக்கொண்டே வந்து, செருப்பைக் கழற்றாமல் மேஜைக்கு ஓடுவார். அலுவலகத்தில்கூட அந்த வேகம் தொற்றி, தீ விபத்துப் பாலிசியில் ஒரு பக்கத்தைத் தெரியாமல் சுருக்கிவிட்டார். மேலதிகாரி கலவரமடைந்து, "சார், இது புரியுது சார்!" என்று ஓடிவந்தார்.

பறவை ஷரத்தில் பேனாவை வைத்தபோது மச்சான் குறுக்கே பாய்ந்தார்.

"அத்தான், பறவை மேல கை வைக்காதீங்க."

"ஏன்?"

"அது என்னால வந்தது. கயிறும் என்னால வந்தது. நல்லா யோசிச்சுப் பாருங்க, இந்தப் புத்தகத்துல பாதி நான்தான். என்ன வெட்டிப் போட்டுட்டு நீங்க மட்டும் பேர் வாங்கிக்கப் போறீங்களா?"

"உன்னால வந்ததெல்லாம் தொல்லை மச்சான்."

"தொல்லைக்கும் ஒரு மரியாதை இருக்கு."

மரியாதை பார்த்தால் பக்கம் குறையாது. பறவை போயிற்று. கயிறு ஒரு வரியாயிற்று. மச்சான் ஒவ்வொரு தாளையும் கசக்கப்படுமுன் வாங்கிப் படித்து, அந்த ஓட்டையைத் தான் கண்டுபிடித்த நாளைச் சொல்லி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கடைசியில் நாற்பத்தொன்றில் வந்து நின்றது.

"இதச் சுருக்கலாமா?" என்றார் ஷரத்துக்காரர்.

"அதுல ஒரு புள்ளியத் தொட்டீங்க, நடக்கிறதே வேற" என்றார் மனைவி.

நாற்பத்தொன்று (அ)விலிருந்து (ஈ) வரை முழு உருவத்தோடு தப்பித்தது.

சோதனை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், புதிர் மேடத்தின் அலுவலகப் பின்னறையில் நடந்தது. சுவரோரம் எலிப் புத்தகங்கள் கட்டுக்கட்டாகக் கூரை வரை. நடுவில் வட்ட மேஜை, கண்ணாடித் தொட்டி, டம்ளர், பகடை, ஒரு ஸ்பூன். ஷரத்துக்காரருக்கு மூலையில் ஒரு ஸ்டூல். மச்சானை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். விளக்கம் சொல்லாமல் இருப்பது மச்சானின் உடலமைப்பிலேயே இல்லை.

நாலு பேரும் வந்தார்கள். ஒரு பல்டாக்டர், ஒரு பிளம்பர், கழுத்தில் விசிலோடு ஒரு நீச்சல் மாஸ்டர், பிராணிகள் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கும் ஒரு பெண்மணி. புத்தகத்தை முன்கூட்டியே முழுதாகப் படித்துவிட்டு வந்தவர் பல்டாக்டர் ஒருவர்தான் என்பதால் அவரைக் கடலாக்கினார்கள். முழுதாகப் படித்தேன் என்று அவர் சொன்னபோது ஷரத்துக்காரருக்குக் கண் கலங்கியது. விளக்கம் சொல்லக் கூடாது என்றுதான் பேச்சு. கலங்கக் கூடாது என்று இல்லை.

பிளம்பர் முதல் வேலையாகக் குனிந்து டம்ளரைச் சுற்றிலும் பார்த்தார். "ஓட்டை எங்கங்க?"

"ஓட்டை இருக்கிறதா நாம நெனச்சுக்கணும்" என்றார் பல்டாக்டர்.

"இல்லாத ஓட்டைய அடைக்கவா ஞாயித்துக்கிழமை கூப்பிட்டீங்க? அதுக்கு ரேட்டு ஜாஸ்தி."

ஆட்டம் தொடங்கியது. ஷரத்துக்காரர் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஆரம்பமே அமர்க்களம். பிளம்பர் ஓட்டைக்குத் தன் சட்டையைக் கழற்றி அடைத்தார், நிஜமாகவே முதல் பட்டனில் கை வைத்துவிட்டார். நீச்சல் மாஸ்டர் ஒவ்வொரு முறை பகடை உருட்டுமுன்பும் மூச்சை இழுத்துப் பிடித்தார். வரவேற்புப் பெண்மணிதான் சமையல்காரர். மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, மெதுவான குரலில், யாரும் எதிர்பார்க்காத ஒரு கேள்வி கேட்டார்.

"கப்பல்ல பூனை இருக்கா?"

பல்டாக்டர் புத்தகத்தைப் புரட்டினார். பறவையைத் தூக்கியதோடு பிராணிகள் அத்தியாயமே போயிருந்தது. "பூனை இல்லன்னு எழுதல. அதனால இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். மச்சான் இருந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பார்.

"எங்க இருக்கு?"

"கீழ்த்தளத்துல. தண்ணி ஏறிட்டிருக்கு."

"ஐயோ. நான் போறேன். மாஸ்டர், உங்க கையில இருக்கிற லாந்தர் விளக்கக் குடுங்க."

"விளக்க நீங்க எடுத்துட்டுப் போனா நாங்க இருட்டுல என்ன பண்றது? பூனைக்கு இருட்டுல கண்ணு தெரியுமே!" என்று நீச்சல் மாஸ்டர் விளக்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். பூனைக்காரம்மா (இனி அவரை அப்படிச் சொல்வதே பொருத்தம்) விளக்கில்லாமல் படியிறங்கினார். பகடையை உருட்டினார். ஒன்று விழுந்தது, அதாவது அந்தப் பாத்திரத்துக்கு மரணம்.

பல்டாக்டர் புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, மரண அறிவிப்புப் போல ஷரத்து நாற்பத்தொன்றை வாசித்தார்.

"அப்ப நான் இனிமே என்ன செய்யணும்?" என்றார் பூனைக்காரம்மா.

"பேசக் கூடாதுங்க."

அவர் தலையாட்டினார்.

"தலையாட்டறதும் சைகைதான். (அ)வுல வருது."

பூனைக்காரம்மா அசையாமல் உட்கார்ந்தார். கப்பலில் மற்றவர்கள் அடுத்த ஆபத்துக்குப் போய்விட்டார்கள். அவர் எலிப் புத்தகக் கட்டுகளைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். ஸ்டூலில் இருந்த ஷரத்துக்காரரைப் பார்த்தார். அந்த அறையில் வாய் திறக்கத் தடை உள்ளவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஷரத்துக்காரருக்கு அப்போதுதான் அந்தத் தடையின் கனம் தெரிந்தது. பிளம்பர் ஒரு விதியைத் தப்பாகப் படிக்கிறார், சொல்ல முடியவில்லை. நீச்சல் மாஸ்டர் அருமையான ஒரு வழியை மயிரிழையில் தவறவிடுகிறார், சொல்ல முடியவில்லை. கை துறுதுறுக்கிறது, ஆனால் அதற்கு வேலை இல்லை. இருமல்கூட வந்தது. மெய்யான இருமலா என்று தனக்கே சந்தேகமாக இருந்ததால் விழுங்கிக்கொண்டார். செத்தவர்களை இப்படியா உட்கார வைத்திருக்கிறோம்? அந்த மனிதர் துணி மடித்ததற்கு வேறு காரணம் இருக்குமோ?

பூனைக்காரம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். பையின் வாரைத் தோளில் மாட்டினார். நாற்காலியை ஓசைப்படாமல் பின்னுக்குத் தள்ளினார்.

எழுந்தால் முடிந்தது. முப்பத்திரண்டு பக்கமும் போச்சு. அம்மா, உக்காருங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் அதோடும் போச்சு. ஷரத்துக்காரர் ஸ்டூலில் பாதி எழுந்த நிலையில் உறைந்து நின்றார்.

அந்த நேரத்தில்தான் பல்டாக்டர் அந்தக் காரியத்தைச் செய்தார். பிளம்பருக்குக் கெட்ட எண் விழுந்திருந்தது. ஒரு கையில் ஸ்பூன், மறு கையில் புத்தகம். புயல் ஷரத்தைத் தேட இரண்டு கையும் வேண்டும். ஆயிரம் வாய்களுக்குள் தலையை நுழைத்தவர் அவர். கையில் இருக்கும் கருவி வேண்டாமென்றால் பார்க்காமலேயே பக்கவாட்டில் நீட்டுவார், உதவியாளர் வாங்கிக்கொள்வார். அந்தப் பழக்கத்தில், கண்ணைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல், ஸ்பூனைப் பக்கவாட்டில் நீட்டினார்.

பக்கவாட்டில் இருந்தவர் பூனைக்காரம்மா. அவரும் இத்தனை வருஷம் டாக்டர்கள் நீட்டியதை வாங்கிப் பழகியவர். வாங்கிக்கொண்டார்.

வாங்கிய ஸ்பூனை ஒரு கணம் பார்த்தார். பையின் வார் தோளிலிருந்து நழுவியது. ஸ்பூனைத் தொட்டியில் முக்கி, நிறைய மொண்டு, டம்ளருக்கு மேலே கொண்டுபோனார்.

"டாக்டர், ஊத்தறது நீங்கதானே?" என்றார் பிளம்பர்.

பல்டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். புத்தகத்தைப் புரட்டினார். "இறந்தவர் பேசலாகாது, சைகை, பெருமூச்சு, புருவம், இருமல்... தேக்கரண்டியத் தொடலாகாதுன்னு எங்கயும் போடல."

பூனைக்காரம்மா பேசவில்லை. பெருமூச்சு விடவில்லை. புருவம் இருந்த இடத்தில் இருந்தது. நாற்பத்தொன்றை எழுத்துக்கு எழுத்து மதித்து, கல்லில் செதுக்கிய முகத்தோடு, ஸ்பூனைச் சாய்த்தார். பிளம்பருக்குப் பாதி ஸ்பூன்தான் ஊற்றினார். மீதியைத் தொட்டியிலேயே விட்டார். பிளம்பர் மூச்சு விட்டார்.

அடுத்து நீச்சல் மாஸ்டருக்குக் கெட்ட எண். ஸ்பூன் மறுபடி முங்கி எழுந்தது. இந்த முறை விளிம்புக்கு மேலே தண்ணீர் குமிழாக உப்பி நின்றது. ஒரு சொட்டு சிந்தாமல் அப்படியே முழுதும் உள்ளே போயிற்று. டம்ளர் ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது.

"அநியாயம்! அவருக்குப் பாதி, எனக்கு மட்டும் வழிய வழியவா?"

"ஸ்பூன் எவ்வளவு நிறையணும்னும் போடல மாஸ்டர்" என்றார் பல்டாக்டர், பக்கத்தைப் புரட்டிக்கொண்டே.

"யோவ், அந்தம்மாகிட்ட விளக்கு தரமாட்டேன்னு சொன்னீரு இல்ல?" என்று பிளம்பர் மாஸ்டரின் தோளை உலுக்கினார். "செத்தவங்க மறக்கல!"

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததை ஒழுங்காக விவரிக்க முடியாது. நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், மூன்று பேர் வாயால், ஒருவர் ஸ்பூனால். பகடை உருளும், எல்லார் கண்ணும் பகடையை விட்டுவிட்டு அந்தக் கல் முகத்துக்குப் போகும். புதிர் மேடம் கணினியை மூடிவிட்டு வந்து, எட்டிப் பார்த்து, பிறகு எலிப் புத்தகக் கட்டு ஒன்றின் மேல் ஏறி நின்றார். பிளம்பர் தொட்டியோரம் முகத்தை வைத்து, விளிம்புக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளியை ஒற்றைக் கண்ணால் அளந்தார். "நூலளவுதான் இருக்கு, நூலளவுதான்!"

மூலையில் ஷரத்துக்காரர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். எழுதிக்கொண்டிருந்தார். பழக்கம் யாரை விட்டது? கையிலிருந்த தாளில், '41 (உ): இறந்தவர் தேக்கரண்டியைத் தொடலாகாது' என்று எழுதி, கீழே கோடும் போட்டிருந்தார்.

கரை கண்ணுக்குத் தெரியும் தூரம். நீச்சல் மாஸ்டர் உருட்டினார். கெட்ட எண். ஸ்பூன் முங்கி எழுந்து டம்ளருக்கு நேர் மேலே வந்தது. அந்தத் தண்ணீர் உள்ளே போனால் கப்பல் மூழ்கிவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஸ்பூன் அடியில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது.

"அம்மா, தப்புதான், விளக்கக் குடுத்திருக்கணும்!" மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். "டாக்டர், நான் கீழ போறேன். பூனையத் தூக்கிட்டு வரேன்."

"கரை வந்துடுச்சே மாஸ்டர், இப்பவா?"

"இப்பத்தான்! பகடையக் குடுங்க!"

ஸ்பூன் சாயத் தொடங்கியது.

"ஊத்தாதீங்கம்மா!" ஷரத்துக்காரரின் குரல்தான் அது. ஸ்டூல் உருண்டது. "ஊத்தாதீங்க, பூனை வருது! பூனை வருது!"

பகடை உருண்டு, தொட்டியில் இடித்து, திரும்பி, ஆறில் நின்றது.

பூனைக்காரம்மா ஸ்பூனை மெதுவாக நகர்த்தி, டம்ளருக்கு வெளியே, தொட்டியில் கவிழ்த்தார். கப்பல் கரை சேர்ந்தது. பிளம்பர் பல்டாக்டரைக் கட்டிப்பிடித்தார். மாஸ்டர் விசிலை ஊதினார். தெருவில் போன யாரோ ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சத்தம் அடங்கிய பிறகுதான் ஷரத்துக்காரருக்குத் தான் செய்தது உறைத்தது. கவிழ்ந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் வெளிறிப்போய் நின்றார்.

"மேடம், நான் வாயத் திறந்துட்டேன்."

புதிர் மேடம் புத்தகக் கட்டின் மேலிருந்து இறங்கினார். "விளக்கம் சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னேன். நீங்க கெஞ்சினீங்க. கெஞ்சறது விளக்கமா?"

ஷரத்துக்காரர் யோசித்தார். ஓட்டை! அந்த நிபந்தனையிலும் ஓட்டை! வாழ்நாளில் முதல் முறையாக ஓர் ஓட்டை அவர் பக்கம் திறந்திருந்தது. அதற்குள் நுழைந்து பார்த்தால் உள்ளே நல்ல காற்றோட்டம்.

"அது சரி, செத்தவங்க கையில ஸ்பூன் குடுக்கிற விதி எந்தப் பக்கத்துல இருக்கு? நான் படிச்சப்ப கண்ணுல படலையே. அபாரம் சார்!"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. அவர் அதைத் திருப்பி அனுப்பினார்.

"அது என்னோடது இல்ல மேடம். டாக்டர் கை தவறி நீட்டினார், இவங்க வாங்கிட்டாங்க. நான் அத அடைக்கத்தான்..." தாளை நீட்டினார்.

புதிர் மேடம் படித்தார். பல்டாக்டர் படித்தார். பிளம்பர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் சார்?" என்றார், குழந்தையின் பொம்மையைப் பிடுங்கியவரைக் கேட்பதுபோல்.

"நான் இப்ப பேசலாமா?" என்றார் பூனைக்காரம்மா. முகம் இன்னும் கல்லாகவே இருந்தது. "இத நீங்க சேத்தீங்கன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை நான் வர மாட்டேன்."

"அடுத்த ஞாயித்துக்கிழமையா?" என்றார் ஷரத்துக்காரர்.

"பின்ன? பூனைக்கு இன்னும் பேர்கூட வைக்கல."

ஷரத்துக்காரர் அந்தத் தாளை வாங்கி (உ)வை அடித்தார். பேனா நிற்கவில்லை. மேஜையிலிருந்த புத்தகத்தை இழுத்து (ஈ)யை அடித்தார். (இ), (ஆ), (அ). ஒவ்வொன்றாக அடிக்கும்போது பல் பிடுங்கிக்கொண்டவருக்கு வருமே, வலியும் விடுதலையும் கலந்த ஒரு முகம், அது வந்தது. கடைசியில் நின்றது இவ்வளவுதான்: 'இறந்தவர் பேசலாகாது. தேக்கரண்டி அவர் கையில்.'

வீட்டுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. கதவைத் திறந்த மனைவியிடம், "பூனை பொழச்சிடுச்சு!" என்றார். மனைவி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். நடந்ததையெல்லாம் கேட்டு முடித்தபோது மச்சானும் வந்து சேர்ந்திருந்தார். புது விதியோடு உடனே ஆடிப் பார்த்தாக வேண்டும் என்று மூவருமே துடித்தார்கள். தொட்டியில் தண்ணீர் நிரம்பியது. டம்ளர் மிதந்தது. மனைவி கடலானார். மச்சான் புதிய நாற்பத்தொன்றை ஒருமுறை படித்தார். இன்னொருமுறை படித்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"ஆட்டம் ஆரம்பிச்சாச்சா?"

"ஆரம்பிச்சாச்சு. உன் முறை."

"நான் கடல்ல குதிச்சுட்டேன்."

"என்னது?"

"செத்துட்டேன். ஸ்பூனக் குடு அக்கா."

"டேய், முதல் முறையிலயேவா?"

"முதல் முறையில சாகக் கூடாதுன்னு எழுதியிருக்கா? எழுதல இல்ல?" என்று கையை நீட்டினார்.

ஷரத்துக்காரரின் கை தானாகப் பேனாவுக்குப் போயிற்று. மூடியைக் கழற்றினார். '41 (அ): ஆட்டத்தின் தொடக்கத்தில்' என்று வாக்கியம் மனத்தில் உருவாகிவிட்டது. நல்ல வாக்கியம். மச்சான் ஸ்பூனை வாங்கி, விளிம்புக்கு மேலே உப்ப உப்ப மொண்டுகொண்டிருந்தார். அதைப் பார்த்தார். பேனாவை மூடி, பழத்தட்டில் போட்டார்.

"நானும் குதிச்சுட்டேன்."

"ஏங்க!"

"குதிச்சாச்சு. மச்சான், ஸ்பூன இங்க குடு. செத்தவர் ரெண்டு பேரா இருந்தா யாருக்குன்னு எழுதல இல்ல?"

மச்சான் எதிர்வாதம் செய்ய வாயைத் திறந்தார். மனைவியின் விரல் நாற்பத்தொன்றின் முதல் வாக்கியத்தில் வந்து நின்றது. வாய் மூடியது. அதற்குப் பிறகு உணவு மேஜையில் அத்தானும் மச்சானும் ஒரு வார்த்தை பேசாமல், புருவத்தைக்கூட உயர்த்தாமல், ஒரே ஸ்பூனின் காம்பை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். தொட்டி ஆடியது. தண்ணீர் மேஜையில் வழிந்து விளிம்பைத் தாண்டி இருவர் மடியிலும் இறங்கியது. மேலிருந்து வந்ததா, பக்கத்திலிருந்து வந்ததா என்று ஷரத்துக்காரர் விசாரிக்கவில்லை.

"கப்பல்ல இப்ப யார் இருக்கா?" என்றார் மனைவி, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு. செத்தவர்களிடமிருந்து பதில் வரவில்லை. வீட்டில் அப்படியொரு அமைதியை அவர் கண்டதே இல்லை. "பூனை மட்டும்தான். அது உங்க ரெண்டு பேரையும் விட நல்லாவே ஓட்டும்" என்று சொல்லிவிட்டு, பூனைக்காகப் பகடையை உருட்டினார்.